செவுத்தம்மாவுக்கு வளையல் போட்ட ஊரு

கூகமலைக் கோட்டைச் செவுத்துல இருந்து அந்தக் கை வெளிய வந்தப்ப நான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன், அதனால முதல்ல பாத்தது நான் இல்ல. முதல்ல பாத்தது வெள்ளரிப்பிஞ்சு விக்கிற பூரணி. அவ பாத்துட்டுக் கத்தல, ஓடல. "கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க, அவங்க கைமேல இடிக்கிறீங்க"ன்னுதான் சொன்னா.

நாங்க அன்னிக்கு காலேஜ்ல இருந்து டூர் வந்திருந்தோம். ரெண்டாம் வருஷம் வரலாறு. எல்லாருக்கும் அது டூரு, எனக்கு அது எங்க ஊரு, ஏன்னா கோட்டைக்கு நேர் கீழ தெக்கால இருக்கிற பாறைக்குழிதான் என் தெரு, பொறந்ததுல இருந்து தெனமும் பல்லு வெளக்கும்போது அந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டுதான் வெளக்கியிருக்கேன், ஆனா ஒரு தடவை கூட மேல ஏறினது இல்ல. நான் மட்டும் இல்ல, கல்லு ஒடைக்கிற எங்க சனத்துல யாருமே ஏறினது இல்ல. பயம் இல்ல. முறை. பொண்ணு குடுத்த வீட்டுக்குக் கூப்பிடாம போய் நிக்கக் கூடாதுன்னு எங்கள்ல ஒரு முறை இருக்கு. அந்தச் செவுத்துக்கு நாங்க ஒரு பொண்ணு குடுத்திருக்கோம். குடுத்ததுல இருந்து நாலஞ்சு நூறு வருஷமா யாரும் எங்களைக் கூப்பிடல, நாங்களும் போகல.

அதனால காலேஜ் பஸ்ஸுல, லெமன் சாதப் பொட்டலத்தோட, தொப்பி போட்ட மாசிலாமணி சாருக்குப் பின்னாடி நான் மேல ஏறினப்ப, சம்மந்தி வீட்டுக்குள்ள திருட்டுத்தனமா நொழையிற மாதிரிதான் இருந்துச்சு. சார் கொத்தளத்தைக் காட்டினாரு, தானியக் கெடங்கைக் காட்டினாரு, அப்புறம் தெக்குச் செவுத்துக்கிட்ட கூட்டிட்டு வந்து நீலக் கலரு போர்டைப் படிக்கச் சொன்னாரு. 'கோட்டை நிலைக்கத் தானே முன்வந்து உயிர் ஈந்த வீரப்பெண்' அப்படின்னு போட்டிருந்துச்சு.

"தானே முன்வந்தான்னு யாரு சார் சொன்னது?"ன்னு கேட்டேன்.

"செவிவழிச் செய்திம்மா."

"யாரோட செவி சார்? எங்க செவிக்கு வேற மாதிரி வந்திருக்கே."

கோட்டைக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல சரிவுல இருக்கிற கோட்டைத் தெருக்காரங்க கதையில, பகல்ல கட்டின தெக்குச் செவுரு ராத்திரி விழுந்துக்கிட்டே இருந்துச்சாம், பாளையக்காரன் கனவுல செவுரு வந்து நெறமாசக்காரி ஒருத்தியைப் பலி கேட்டுச்சாம், ஒரு புண்ணியவதி பொட்டு வெச்சு மாலை போட்டுக்கிட்டு வந்து நின்னாளாம். கனவுக்கு சாட்சி கெடையாது பாருங்க, அதுதான் அதுல இருக்கிற வசதி. எங்க கதையில மாலையெல்லாம் இல்ல. எங்க கதையில அவ கல்லு வேலைக்கு வந்த புருஷனுக்குக் களி எடுத்துக்கிட்டுப் போனவ, புருஷனை வேணும்னே வேற மலைக்குக் கல்லெடுக்க அனுப்பிட்டாங்க, செவுத்துல ஒரு சந்து விட்டுக் கட்டி வெச்சிருந்தாங்க, 'இதுல கொஞ்சம் நில்லும்மா, ஒரு ஆள் அளவு பாக்கணும்'னு சொன்னாங்க, கல்லு வேலைக்காரன் பொண்டாட்டி அளவுன்னா எதுக்குன்னு கேக்க மாட்டா, நின்னா. முட்டி வரைக்கும் கல்லு வந்தப்ப சிரிச்சா. இடுப்பு வரைக்கும் வந்தப்ப போதும்னா. நெஞ்சு வரைக்கும் வந்தப்ப 'புள்ளைக்கு மூச்சு முட்டுதுண்ணா'ன்னா. அவ்வளவுதான் கதை. வீரமும் இல்ல, முன்வரவும் இல்ல.

இதை நான் சொல்லி முடிச்சதும் சாரு தொப்பியைக் கழட்டிட்டு, "நாகவேணி, நீ எல்லாத்துக்கும் உணர்ச்சிவசப்படுற, வரலாறுங்கிறது ஆதாரம்"ன்னாரு. "ஆதாரத்தைத்தான் உள்ள வெச்சுப் பூசிட்டீங்களே சார்"னு நான் சொல்லி, செவுத்துல முழங்கையால ஒண்ணு போட்டேன். அப்பதான் பூரணி தள்ளி நிக்கச் சொன்னா.

வலது கை. முழங்கை வரைக்கும். கல்லுல விரிசல் இல்ல, சந்து இல்ல, மரத்துல இருந்து கெளை வர்ற மாதிரி கல்லுல இருந்து கை வந்திருந்துச்சு. உள்ளங்கை மேல பாத்து விரிஞ்சிருந்துச்சு, நகக்கண்ணுல சுண்ணாம்பு, வெயிலு பட்ட வெரலுங்க மடங்கறதும் விரியறதுமா இருந்துச்சு, ரொம்ப நேரம் ஒரே பக்கமா படுத்தவங்க கை மரத்துப் போனா பண்ணுவாங்களே, அப்படி. எங்க க்ளாஸ் பசங்க அதோட செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. மாசிலாமணி சாரு கையைப் பாத்தாரு, கைக்குப் பக்கத்துல இருந்த கல்லைத் தொட்டுத் தடவினாரு, "சுண்ணாம்புக் காரை, கருப்பட்டி கலந்திருக்காங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிட்டாரு.

பூரணிக்கும் அப்ப நெறமாசம். அதுக்கு முந்தின வாரந்தான் அவளுக்கு வளைகாப்பு நடந்து கை ரெண்டுலயும் கண்ணாடி வளையலு கலகலன்னு இருந்துச்சு. அவ கூடையை எறக்கி வெச்சுட்டு, "நெறமாசக்காரி கை மொட்டையா இருக்கக் கூடாது"ன்னு தன் கையில இருந்து பச்சை வளையலு ரெண்டைக் கழட்டி அந்தக் கையில போடப் போனா. அப்ப அந்தக் கை ஒரு காரியம் பண்ணுச்சு. வளையக்காரர் முன்னாடி ஒக்காந்த எல்லாப் பொண்ணும் பண்ற காரியம், கட்டை வெரலை உள்ள மடக்கி, அஞ்சு வெரலையும் ஒண்ணா குவிச்சு, வளையலுக்கு வழி விட்டுச்சு.

அதுக்கப்புறம் ஊரு அதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு சொல்றேன், நீங்க நம்புவீங்க, ஏன்னா நீங்களும் அப்படித்தான் எடுத்திருப்பீங்க. மொதல் வாரம் கோட்டைத் தெருப் பொம்பளைங்க வந்து சந்தனம் பூசினாங்க, குங்குமம் வெச்சாங்க. ரெண்டாவது வாரம் பக்கத்து ஊருக்காரங்க வந்தாங்க. அதுக்கப்புறம் வேன்ல வர ஆரம்பிச்சாங்க, புள்ளையில்லாதவங்க அந்தக் கையில வளையலு போட்டா புள்ளை தங்கும்னு யாரோ சொல்லி, சொன்னது யாருன்னு கேக்கறதுக்குள்ள அது சாஸ்திரமா ஆயிடுச்சு. கோட்டையைப் பாத்துக்கிற இலாகாவுல இருந்து கயிறு கட்டி 'தொடாதீர்கள்'னு போர்டு வெச்சாங்க, அந்தப் போர்டுல கையை ஊனிக்கிட்டுத்தான் எல்லாரும் எட்டித் தொட்டாங்க. கைரேகைக்காரன் ஒருத்தன் வந்து பாத்துட்டு ஆயுசு கெட்டின்னு சொன்னான், அவன் வாழ்க்கையில சொன்ன ஒரே உண்மை அதுவாத்தான் இருக்கும். வாத்தியார் ஒருத்தர் சாக்பீஸ் குடுத்து எழுதச் சொன்னாரு, கை அதை மோந்து பாக்கற மாதிரி உருட்டிப் பாத்துட்டு உள்பக்கமா கொண்டு போகப் பாத்துச்சு, திங்கறதுன்னு நெனச்சிருக்கும், கர்ப்பக்காரிக்கு சாக்பீஸ் மேல ஆசை வர்றது உண்டுல்ல, ஆனா கல்லு விடல. ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரங்களும் கை குலுக்கிட்டுப் போனாங்க. இத்தனை பேர்ல, அந்தக் கைக்குப் பின்னாடி ஒரு தோளு இருக்குமே, தோளுக்கு மேல ஒரு மூஞ்சி இருக்குமே, அந்த மூஞ்சி முன்னாடி ஒரு கல்லு இருக்குமேன்னு ஒருத்தரும் கேக்கல.

கடைசியில கோட்டைத் தெரு துரைக்கண்ணு, முந்தி பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவரு, ஊர் மகளுக்கு வளைகாப்புன்னு மைக் செட்டு கட்டி, செவுரு முழுக்க சீரியல் லைட்டு போட்டு, ஏழு வகைச் சோறு ஆக்கி, முழங்கை வரைக்கும் வளையலு அடுக்கி, விழாவே எடுத்துட்டாரு. சுத்துப்பட்டு எல்லாத் தெருவுக்கும் ஆள் விட்டுச் சொன்னாரு. பாறைக்குழிக்கு மட்டும் சொல்லல. மறந்திருக்க மாட்டாரு.

அன்னிக்கு நான் வீட்டுக்குப் போனப்ப எங்கம்மா கெங்கம்மா குவாரியில இருந்து வந்து தலையில இருந்த கல்லுத் தூசியைத் துண்டால தட்டிக்கிட்டு இருந்தா.

"அம்மா, மேல வளைகாப்பு முடிஞ்சிருச்சு."

"நெசமாவே வளையலு போட்டுட்டாங்களா?"

"முழங்கை வரைக்கும்."

அம்மா துண்டை ஒதறிட்டு, "அப்ப போய் கூட்டிட்டு வரணுமே"ன்னா.

"நம்மளைக் கூப்பிடவே இல்லம்மா."

"வளையலு போட்டுட்டாலே கூப்பிட்ட மாதிரிதான்டி. வளையலு போட்டுட்டா அப்புறம் பொண்ணு தாய் வீட்டுலதான் இருக்கணும். புருஷன் வீட்டுல வெச்சிருக்கக் கூடாது. அது கூடத் தெரியாதா அவங்களுக்கு?"

தெரியும். அவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் தெரிஞ்சே செய்யறாங்க. இதுக்கு மட்டும், கையில வளையலு அடுக்கற அவசரத்துல, அதுக்கு அடுத்தது என்னன்னு யாரும் யோசிக்கல. பாதி முறையைச் செஞ்சு மாட்டிக்கிட்டாங்க.

மறுநாள் எங்க தெருவே கட்டுச்சோறு கட்டிச்சு. புளிச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு, அவ எடுத்துக்கிட்டுப் போன மாதிரியே களியும் ஒரு உருண்டை. புதுப் பொடவை, பூவு, தட்டு. ஆம்பளைங்க குளிச்சு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, எந்த வருஷத்துலயோ குடுத்த பொண்ணைக் கூட்டிட்டு வர, எங்க சனம் மொத மொதலா கூகமலை ஏறுச்சு. கோட்டை வாசல்ல துரைக்கண்ணு நாற்காலி போட்டு ஒக்காந்திருந்தாரு.

"என்ன கெங்கம்மா, கூட்டமா எங்க?"

"பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்யா."

"எந்தப் பொண்ணை?"

"செவுத்துல இருக்கற பொண்ணை."

அவரு சிரிக்கல. அதான் எனக்குக் கோவம். சிரிச்சிருந்தா பைத்தியக்காரிங்கன்னு நெனக்கிறாருன்னு விட்டிருப்பேன். அவருக்கு எல்லாம் புரிஞ்சுது. "அது ஊர்ப் பொண்ணும்மா"ன்னாரு.

"ஊர்ப் பொண்ணுன்னா எந்த வீட்டுல சோறு தின்னா துரைக்கண்ணு?"ன்னு நான் கேட்டேன். பேரு சொல்லிக் கூப்பிட்டதும் பின்னாடி ஒக்காந்திருந்த நாலு பேரு எந்திரிச்சாங்க. அவரு கையமத்திட்டு, "படிக்கிற புள்ளை, பேசட்டும்"ன்னாரு. "இங்க பாரு பாப்பா, செவுரு நிக்கிறதே அவளாலதான். அவளை எடுத்தா செவுரு எங்க தெரு மேல விழும். அத்தனை வீடும் கீழதான் இருக்கு. உங்க பொண்ணுக்காக எங்க புள்ளைங்க சாகணுமா?"

"அவ புள்ளை சாகலாமா?"

அவரு போலீஸுக்குப் போன் பண்ணாரு.

தாலுகா ஆபீஸ்ல அமைதிப் பேச்சுவார்த்தை வெச்சாங்க. அமைதின்னா எங்களை அமைதியா இருக்கச் சொல்றது, பேச்சுவார்த்தைன்னா அவங்க பேசறது. மாசிலாமணி சாரை நிபுணருன்னு கூட்டிட்டு வந்திருந்தாங்க, அவரு என் மூஞ்சியைப் பாக்காம, பாரம்பரியக் கட்டடம், ஒரு கல்லை எடுத்தாலும் மொத்தமும் சரியும்னு சொன்னாரு. ஆதாரம் என்னன்னு நான் கேட்டேன். "பொதுவாவே அப்படித்தான்"ன்னாரு. ஆபீஸரு டீ குடிச்சு முடிச்சுட்டு, ரெண்டு தரப்போட உணர்வையும் மதிக்கிறோம்னாரு. செவுத்தையும் இடிக்கக் கூடாது, தாய் வீட்டு முறையும் கொறையக் கூடாதுன்னு தீர்ப்பு.

எப்படின்னு கேளுங்க. துரைக்கண்ணு பொண்டாட்டி தாயாரா நின்னாங்க. பட்டுப் பொடவை கட்டி, சீர்வரிசைத் தட்டோட செவுத்துக்கு வெளிப்பக்கமா வந்து, கைக்குப் பொட்டு வெச்சு, 'வாம்மா நம்ம வீட்டுக்குப் போலாம்'னு கூப்பிட்டு, மேளத்தோட வாசல் வழியா சுத்தி, அதே செவுத்தோட உள்பக்கத்துக்குப் போய், அங்க மாவெல கட்டி, ஆரத்தி எடுத்து, தாய் வீடு வந்துட்டான்னு சொன்னாங்க. அதாவது செவுத்துக்கு வெளிப்பக்கம் புருஷன் வீடு, உள்பக்கம் தாய் வீடு. நடுவுல இருக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எல்லாரும் கை தட்டினாங்க. எங்கம்மா கட்டுச்சோத்தைத் தலையில வெச்சுக்கிட்டே நின்னு பாத்துட்டு அப்படியே தூக்கிட்டு வந்துட்டா. அந்தச் சோத்தை எங்க தெருவுல யாரும் வாயில வெக்கல.

பூரணிக்குப் பையன் பொறந்தான். அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு ஒரு வெடியக்காலையில தெக்குச் செவுத்துல கைக்குக் கீழ இருந்து வெதுவெதுன்னு தண்ணி கசிய ஆரம்பிச்சுது. புள்ளை பெத்த எல்லாப் பொம்பளைக்கும் அது என்ன தண்ணின்னு தெரியும். இலாகா ஆளு வந்து சிமெண்டு வெச்சு அடைச்சுட்டுப் போனாரு. கை அந்தக் கயித்தை எட்டிப் புடிச்சு முறுக்குச்சு, விட்டுச்சு, மறுபடி புடிச்சுது, கல்லுல மோதி மோதி வளையலு ஒவ்வொண்ணா ஒடைஞ்சுது. அந்தச் சத்தம் எங்க தெரு வரைக்கும் கேட்டுச்சு, யாரோ மலை மேல இருந்து கண்ணாடியைக் கொட்டற மாதிரி. வெயிலு ஏறும்போது சத்தம் நின்னுச்சு. நின்னதும் புள்ளை அழுதுச்சு.

செவுத்துக்குள்ள இருந்துதான். கல்லுக்குள்ள இருந்து வர்ற அழுகை கல்லு முழுக்கப் பரவி, கோட்டை மொத்தமும் அழுதுச்சு, அடிவாரத்துல கடைக்காரன் தராசுல அந்த அதிர்வு தெரிஞ்சுதாம். கோட்டைத் தெருவுல மைக் செட்டு எடுத்து சாமிப் பாட்டு போட்டாங்க, பாட்டுக்கு மேல அழுகை கேட்டுச்சு, பாட்டு கேவலமா இருக்குன்னு அவங்களே நிறுத்திட்டாங்க.

எங்கம்மா கடப்பாரையை எடுத்தா. பக்கத்து வீட்டுல சம்மட்டி எடுத்தாங்க. இந்தத் தடவை யாரும் வெள்ளை வேட்டி கட்டல.

நாங்க மேல போறதுக்குள்ள அவங்க வேலையை முடிச்சு வெச்சிருந்தாங்க. தடி இல்ல, கல்லு இல்ல, போலீஸு கூட இல்ல. கோட்டைத் தெருவுல கைப்புள்ளை வெச்சிருக்கற பொம்பளைங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து, செவுத்துல முதுகு சாய்ச்சு, மடியில புள்ளையோட வரிசையா ஒக்கார வெச்சிருந்தாரு துரைக்கண்ணு. அந்தக் கைக்கு நேர் கீழ பூரணி. "இடிக்கிறவங்க இடிங்க. இந்தப் புள்ளைங்க தலை மேல சம்மட்டியை ஓங்க முடிஞ்சா ஓங்குங்க"ன்னாரு.

எங்க ஆளுங்க சம்மட்டியைக் கீழ வெச்சுட்டாங்க. நான் வைக்கல, என்கிட்ட இருந்தது வாயிதான். நான் பேசாத பேச்சு இல்ல. உங்க முதுகுக்குப் பின்னாடிதான்டி அழுவுது, உங்க முதுகுல அது தெரியலயாடின்னேன். செவுரு விழும்னு யாராவது ஒரு கல்லை எடுத்துப் பாத்தீங்களான்னேன். உங்க மடியில இருக்கறது அழுதா பத்து வீடு ஓடி வரும், இது கல்லுக்குள்ள அழுதா மைக் செட்டு வரும்னேன். அவங்க யாரும் எனக்குத் திருப்பிச் சொல்லல. கெட்டவங்களா இருந்தா திருப்பிப் பேசியிருப்பாங்க. பயந்தவங்க பேச மாட்டாங்க. தலையைக் குனிஞ்சு தன் புள்ளையைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க.

ஆனா ஒடம்பு யாரு பேச்சையும் கேக்காது. செவுத்துக்குள்ள அழ அழ, அத்தனை பேருக்கும் பால் சொரந்துச்சு. பச்சை ரவிக்கை, மஞ்சள் ரவிக்கை, நைட்டி, எல்லாம் நனைஞ்சு நனைஞ்சு இடுப்பு வரைக்கும் எறங்குச்சு, மடியில இருந்த புள்ளைங்க குடிச்சு முடிச்சுத் தூங்கியும் நிக்கல, அவங்க ஒக்காந்திருந்த மண்ணு ஈரமாச்சு. ஒருத்தரும் எந்திரிக்கல. வெயிலு உச்சிக்கு வந்துச்சு. மேல இருந்த கை கீழ தடவித் தடவி, பூரணி தலையைக் கண்டுபுடிச்சு, தலையில இருந்து தோளுக்கு வந்து, ரவிக்கை ஈரத்தைத் தொட்டு, அங்கயே நின்னுச்சு.

அழுகை அப்ப ரொம்ப மெலிஞ்சு போயிருந்துச்சு. பூனை மாதிரி. அப்புறம் அதுவும் இல்ல.

பூரணி எந்திரிச்சா.

"ஒக்காரும்மா"ன்னாரு துரைக்கண்ணு.

"பால் கட்டிக்கிட்டு வலிக்குது மாமா. குடுத்துட்டு வந்து ஒக்கார்றேன்."

"உன் வீடும் கீழதான் இருக்கு பூரணி."

"இருக்கட்டும் மாமா. நான் இங்கதான நிக்கிறேன்."

அவ அவளோட புள்ளையை என் கையில குடுத்துட்டுத் தள்ளி நின்னா. அவ இருந்த எடம் ஒரு ஆள் அகலம். எங்கம்மா அந்தச் சந்துல கடப்பாரையை வெச்சு ஒரு தடவைதான் நெம்பினா. கல்லு முனகுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் ஒக்காந்திருந்தவங்க எல்லாரும் புள்ளையை அள்ளிக்கிட்டு ஓடினாங்க, துரைக்கண்ணு அவங்களுக்கு முன்னாடி ஓடினாரு, கீழ தெருவுல வீடு வீடா கதவைத் தட்டி எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தொரத்தினாரு. செவுத்துக்கிட்ட நாங்களும் பூரணியும் மட்டும் நின்னோம். விழுந்தா எங்க மேலதான் மொதல்ல விழும். மூணு கல்லு எடுத்தாங்க.

அவ நின்னுக்கிட்டு இருந்தா. எப்படி நிக்க வெச்சாங்களோ அப்படியே, அளவுக்கு நிக்கிற மாதிரி நெட்டுக்குத்தா, தலை முதல் கால் வரைக்கும் சுண்ணாம்பு வெள்ளை, கண்ணு ரெண்டும் சுண்ணாம்பு தின்னு மூடிப் போயிருந்துச்சு. என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவளா இருப்பா. நாங்க யாருமே பாத்திராத இடது கையில புள்ளையை நெஞ்சோட அணைச்சிருந்தா.

வெளிக்காத்து மேல பட்டதும், "அளவு பாத்தாச்சா?"ன்னு கேட்டா.

எங்கம்மாதான் பதிலு சொன்னா. "பாத்தாச்சு தாயி. வா போலாம்."

பூரணி புள்ளையை வாங்கிக்கிட்டு மண்ணுல ஒக்காந்து, மூஞ்சியில இருந்த சுண்ணாம்பை முந்தானையால தொடைச்சு, பாலு குடுத்தா. பொண்ணு. வாயில பாலு நெறைஞ்சு கன்னத்துல வழிஞ்சுது. அது முழுங்கல. பூரணி பக்கம் மாத்திக் குடுத்தா. அதுக்கும் முழுங்கல. ரொம்ப நேரம் குடுத்துக்கிட்டே இருந்தா, யாரும் அவகிட்ட சொல்லல. ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருந்துச்சு. அவங்க வரிசையா ஒக்காந்திருந்த நேரந்தான் அந்தப் புள்ளையோட ஆயுசு. அதை நான் யாருகிட்ட வேணும்னாலும் வாதாடுவேன்.

நாங்க கோட்டைத் தெரு வழியாத்தான் எறங்கினோம், வேற வழி இல்ல. எல்லா வீடும் தொறந்து கெடந்துச்சு, குக்கர் கூவிக்கிட்டு இருந்துச்சு, டிவியில யாரோ யாரையோ அறைஞ்சாங்க, ஒரு மனுசன் இல்ல. அந்தக் காலித் தெருவுல அவ எங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, ஒடையாம மிஞ்சின ரெண்டு மூணு வளையலு குலுங்க நடந்து வந்தா. ஊரே பள்ளிக்கூட மைதானத்துல நின்னு அண்ணாந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

விழல.

சாயங்காலம் வரைக்கும் பாத்தாங்க. மழை புடிச்சுக்கிச்சு, நனைஞ்சுக்கிட்டே பாத்தாங்க. ஆள் அளவு ஓட்டை ஒண்ணு நடுவுல இருக்க, அத்தனை மழையிலயும் தெக்குச் செவுரு ஒரு கல்லு அசையாம நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு யாரோ ஒரு வீட்டுக்காரங்க புள்ளைக்குப் பசிக்குதுன்னு கெளம்பினாங்க. அப்புறம் இன்னொரு வீடு. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. வீட்டுக்குப் போய் அடுப்பு பத்த வெச்சாங்க. எதுக்காக அவ அங்க இருந்தாங்கிற கேள்வி அந்த மைதானத்துல நின்னுச்சு, ஆனா அதைக் கூட யாரும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல.

அந்த வருஷம் ஏரி ரெண்டு தடவை ஒடைஞ்சுது, செவுரு நின்னுச்சு. ஓட்டையில சிமெண்டுல ஒரு கை செஞ்சு, தோலு கலரு பெயிண்டு அடிச்சு வெச்சிருக்காங்க, க்யூ கொறையல, வளையல் கடை கூடியிருக்கு. சிமெண்டு கை வெரலைக் குவிக்காது, அதனால பெரிய சைஸு வளையலாத்தான் போடணும். மாசிலாமணி சாரு அடுத்த பேட்ச்சைக் கூட்டிட்டுப் போனப்ப நானும் பின்னாடியே போய், "சார், அவ வெளிய வந்ததுக்கு அப்புறமும் நிக்குதே, அப்ப எதுக்கு சார் உள்ள வெச்சாங்க?"ன்னு கேட்டேன். சாரு வானத்தைப் பாத்தாரு. "மழை வருது, எல்லாரும் பஸ்ல ஏறுங்க"ன்னாரு.

அவ எங்க வீட்டுல இருக்கா. பேரு சொன்னா. உங்ககிட்ட சொல்ல மாட்டேன், சொன்னா அதையும் போர்டுல எழுதுவாங்க. புள்ளையை எங்க தெருப் பக்கத்துல பாறைக்குக் கீழ வெச்சோம், குழியை அவளே கையால தடவிப் பாத்து, போதுமான்னு கேட்டு, போதும்னதும் விட்டா. மொத ரெண்டு நாளு ஒக்காரச் சொன்னா கூட ஒக்காரல, நின்னே இருந்தா, செவுத்துல சாஞ்சு நின்னே தூங்கினா.

மூணாம் நாளு பொழுது எறங்கற நேரம், எங்கம்மா களி கிண்டி உருண்டை புடிச்சு அவ கையில குடுத்தப்ப, வாயில வெக்காம கையிலயே வெச்சுக்கிட்டு, "நான் வந்துட்டனே, செவுரு என்னாச்சு?"ன்னு கேட்டா.

எங்கம்மா என்னைப் பாத்தா. நான் அவளுக்கு எதிர்ல வாசலைப் பாத்து ஒக்காந்திருந்தேன். நான் இதுவரைக்கும் ஒரு வாதத்துல கூடப் பொய் சொன்னது கெடையாது. பொய் சொல்றவங்ககூடத்தான் என் வாதமே.

"விழுந்துருச்சுக்கா"ன்னேன்.

"முழுசுமா?"

"முழுசும். நீ வெளிய வந்தவொடனே விழுந்துருச்சு. ஒரு கல்லு மேல ஒரு கல்லு இல்ல."

"சனங்க?"

"எல்லாரும் முன்னாடியே ஓடிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவ தலையாட்டினா. "நான் இல்லாம நிக்காதுன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க"ன்னா. அப்புறம் களியைத் தின்னா, முழுசும் தின்னா, தின்னு முடிச்சுக் கையைப் பொடவையில தொடைச்சுட்டு, தரையைத் தடவிப் பாத்து எடம் புடிச்சு, காலை நீட்டிப் படுத்தா. அவளுக்குப் பின்னாடி, தொறந்த வாசல் வழியா, சீரியல் லைட்டு போட்ட செவுரு தெரிஞ்சுது. நான் எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்தினேன்.